ஒற்றைக் குரல்

(தொழிலாளர் படிப்பு வட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற வாரம் ஷிப்டு முடிந்து வெளியே வந்த ஒரு தோழர் நம்மை நிறுத்திக் கேட்டார்: "நம்ம ஆளுங்க ரெண்டு பேரு சட்டசபையிலே போய் உக்காந்து என்ன ஆகப் போவுது? ஓட்டெடுத்தா தோத்துத்தானே போறோம்? பேச்சுக்கு எவன் பயப்படுறான்?"

நியாயமான கேள்வி. கூலி உயர்வு கேட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்தவனுக்கும், பஞ்சப்படி கேட்டு வேலைநீக்கம் வாங்கியவனுக்கும் இந்தக் கேள்வி எழத்தான் செய்யும். இதற்கு நாம் சித்தாந்தம் சொல்லிப் பதில் சொல்லப் போவதில்லை. பிரிட்டிஷ் பார்லிமெண்டில் தன்னந்தனியாக நின்ற ஒரு சுரங்கத் தொழிலாளியின் கதையைச் சொல்கிறோம். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

சுரங்கத்திலிருந்து சபைக்கு

அவர் பெயர் கெயிர் ஹார்டி. 1856ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்க வேண்டிய வயதில் கூலிக்குப் போனார். பத்து வயதில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கினார். இருட்டிலே உட்கார்ந்து, காற்றோட்டக் கதவைத் திறந்து மூடுகிற வேலை. பெரியவரானதும் சங்கம் சேர்த்தார். அதற்காக அவரையும் அவருடைய சகோதரர்களையும் முதலாளிகள் வேலையிலிருந்து துரத்தினார்கள். இந்தச் சங்கதி நமக்குப் புதிதல்லவே!

1892ல் லண்டனுக்குக் கிழக்கே உள்ள தெற்கு வெஸ்ட் ஹாம் தொகுதி அவரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. துறைமுகக் கூலிகளும் கேஸ் தொழிற்சாலை ஆட்களும் நிறைந்த தொகுதி அது. காலையில் துறைமுக வாசலில் ஜனங்கள் முண்டியடித்து நிற்பார்கள். மேஸ்திரி யாரைக் கை காட்டுகிறானோ அவனுக்கு அன்றைக்குக் கஞ்சி. மற்றவனுக்குப் பட்டினி. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் எடுக்கும் வரப்போரத்தில் நின்ற நம் விவசாயத் தொழிலாளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தக் காலத்தில் அங்கே மெம்பர்களுக்குச் சம்பளம் கிடையாது. 1911ல்தான் ஆண்டுக்கு 400 பவுன் என்று சம்பளம் வந்தது. அதுவரை, சொத்து உள்ளவன் தன் வருமானத்தில் உட்கார்ந்து சட்டம் போடலாம். உழைப்பவன் சங்கத்தையும் நண்பர்களையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டும். மற்ற மெம்பர்கள் கறுப்புக் கோட்டும் பட்டுத் தொப்பியுமாக வந்த சபைக்கு ஹார்டி சாதாரண உடுப்போடும் சாதாரணத் தொப்பியோடும் போனார். பத்திரிகைகள் அந்தத் தொப்பியைப் பற்றி எழுதித் தீர்த்தன. தொப்பிக்குக் கீழே இருந்த தலை என்ன சொன்னது என்பதைப் பற்றி அவ்வளவு அக்கறை காட்டவில்லை.

109ம் 276ம்

1893 பிப்ரவரியில் ராணியின் உரை மீது விவாதம் நடந்தது. ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம். உரையிலே அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஹார்டி எழுந்து ஒரு திருத்தப் பிரேரணை கொண்டுவந்தார். 'வேலையற்றவர்களை இந்த உரை மறந்துவிட்டது' என்பதே அதன் சாரம். ஓட்டெடுப்பில் அவருக்கு 109; எதிராக 276. கிடைத்த ஓட்டிலும் பல, கிளாட்ஸ்டனின் லிபரல் சர்க்காரை மடக்க நினைத்த கன்சர்வேடிவ்களின் ஓட்டு.

தோல்விதான். ஆனால் ஜனங்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: 'வேலையற்றோரின் மெம்பர்'. அவர் விடவில்லை. அதே விஷயத்தை மறுபடி மறுபடி சபையில் கிளப்பினார். சபைக்கு வெளியே வேலையற்றோர் ஊர்வலம் போனார்கள், கூட்டம் போட்டார்கள். 1905ல் வேலையற்ற தொழிலாளர் சட்டம் வந்தது. அற்பமான சட்டம்தான், அதனால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ஆனாலும் 'வேலையில்லாமல் இருப்பது அவனவன் சோம்பேறித்தனம்' என்று சொல்லிக் கொண்டிருந்த சர்க்கார், அது சர்க்காரின் பொறுப்பும்கூட என்று சட்டத்தில் எழுத வேண்டியதாயிற்று. 1893க்கும் 1905க்கும் இடையே 12 வருஷம். ஒரு கேள்வி வேரூன்ற அவ்வளவு காலம் பிடித்தது.

290 உயிரும் ஒரு தொட்டிலும்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்.

1894 ஜூன் 23, சனிக்கிழமை. தெற்கு வேல்ஸில் சில்பினித் என்ற ஊரில் ஆல்பியன் சுரங்கம் வெடித்தது. ஆண்களும் பையன்களுமாக 290 பேர் மாண்டார்கள். தெருவுக்குத் தெரு பிணம். வீட்டுக்கு வீடு ஒப்பாரி.

அதே நாள் இரவு அரச குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது. மறுநாள் பிரெஞ்சு ஜனாதிபதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். அந்தக் காயத்தால் இறந்தார். பார்லிமெண்டு கூடியது. ஜனாதிபதிக்கு அனுதாபத் தீர்மானம் தயாராயிற்று. குழந்தைக்கு வாழ்த்துத் தீர்மானமும் தயாராயிற்று. 290 தொழிலாளிகளுக்கு?

ஹார்டி எழுந்து கேட்டார்: சுரங்கத்தில் மாண்டவர்களின் குடும்பங்களுக்கும் சபை அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றுமா? சபைத் தலைவராக இருந்த மந்திரி ஹார்கோர்ட், தீர்மானம் தேவையில்லை, அந்த ஏழைகள் மீது சபைக்கு அனுதாபம் உண்டு என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஜூன் 28 அன்று வாழ்த்துத் தீர்மானம் வந்தபோது ஹார்டி தனி ஆளாக எதிர்த்துப் பேசினார். குழந்தை மீது அவருக்குக் கோபமில்லை. பிறந்த குழந்தைக்கு நேரம் ஒதுக்கத் தெரிந்த சபைக்கு, தகப்பனை இழந்த குழந்தைகளுக்கு நேரமில்லையா என்பதே அவர் கேள்வி. சபை கூச்சலிட்டது. சிரித்தார்கள், ஊளையிட்டார்கள். அவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்டே உட்கார்ந்தார். அன்று மாலை சபைக் குறிப்பில் ஏறிய அந்தப் பேச்சை எந்தக் கூச்சலாலும் அழிக்க முடியவில்லை.

இதற்குப் பரிசு என்ன? 1895 தேர்தலில் வெஸ்ட் ஹாமில் தோற்றார். காரணங்கள் பல. "பார்த்தீர்களா, அதிகம் பேசியவன் கதி!" என்று எதிரிகள் கெக்கலி கொட்டினார்கள்.

ஆனால், தோழர்களே, சில்பினித்தில் செத்தவர்கள் ஹார்டியின் தொகுதிக்காரர்கள் அல்ல. அவருக்கு ஒரு ஓட்டுப் போட்டவர்களும் அல்ல. அதை வேல்ஸ் சுரங்கத் தொழிலாளிகள் மறக்கவில்லை. 1900ல் அதே பள்ளத்தாக்கில் உள்ள மெர்தர் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டு மெம்பர்களை அனுப்பும் தொகுதி அது. மற்ற மெம்பர் யார் தெரியுமா? டி. ஏ. தாமஸ் என்ற சுரங்க முதலாளி! முதலாளியும் தொழிலாளியும் ஒரே தொகுதியிலிருந்து ஒரே சபைக்குப் போனார்கள். 1915ல் சாகும்வரை ஹார்டிதான் மெர்தரின் மெம்பர்.

சபையும் தெருவும்

பேச்சு மட்டும் போதுமா? போதாது. இதையும் அந்தச் சரித்திரமே சொல்கிறது.

1910ல் தாமஸின் கேம்ப்ரியன் சுரங்கங்களில் பெரும் போராட்டம் மூண்டது. டோனிபாண்டி ஊரில் போலீஸ் தடியடி நடத்தியது. பட்டாளமும் வந்தது. உள்நாட்டு மந்திரி சர்ச்சில். போலீஸ் அட்டூழியத்தைப் பற்றி விசாரணை வேண்டும் என்று ஹார்டி சபையில் கேட்டார். சர்க்கார் மறுத்தது. அந்தப் போராட்டம் தோற்றது. ஆனால் 1912ல் நாடு முழுவதும் சுரங்கத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. சபையில் கேட்டபோது கிடைக்காதது, சுரங்கங்கள் நின்றபோது கிடைத்தது.

சட்டம் வந்தால் போதுமா? அதுவும் போதாது. சுரங்கத்தில் காற்றோட்டத்தைத் திருப்பிவிடக்கூடிய விசிறி வேண்டும் என்று 1911ம் வருஷச் சட்டம் சொன்னது. செங்கனித் சுரங்கத்தில் அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை. 1913 அக்டோபர் 14ல் அது வெடித்து 439 தொழிலாளிகள் மாண்டார்கள். கோர்ட் போட்ட அபராதம்: மேனேஜருக்கு 24 பவுன், கம்பெனிக்கு 10 பவுன். ஓர் உயிருக்கு எத்தனை பென்னி என்று ஜனங்கள் கணக்குப் போட்டுப் பார்த்து ரத்தக் கண்ணீர் வடித்தார்கள்.

ஆகவே சபையில் குரல், தெருவில் போராட்டம், வேலை செய்யும் இடத்தில் கண்காணிப்பு, இம்மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நொண்டும்.

ஹார்டியின் கொள்கையெல்லாம் நம் கொள்கை என்று நாம் சொல்லவில்லை. அவர் மார்க்சியவாதி அல்ல. ஆனால் 1907ல் இந்தியாவுக்கு வந்து, வங்காளத்து ஜனங்களின் துயரத்தைக் கேட்டு, பிரிட்டிஷ் ஆட்சியைக் குறை சொன்னதற்காகத் தன் நாட்டுப் பத்திரிகைகளிடம் வசை வாங்கிக் கட்டிக்கொண்டவர் அவர். ஓட்டில்லாதவனுக்காகவும் பேசுகிற பழக்கம் அவரை விடவில்லை.

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டுச் சபைகளிலும் எதிர்க்கட்சி மெம்பருக்குச் சில ஆயுதங்கள் உண்டு. லோக்சபையில் கூட்டத்தின் முதல் மணி கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி வாயால் பதில் சொல்ல வேண்டும். அதன் மேல் துணைக் கேள்வி போட்டு மடக்கலாம். மானியக் கோரிக்கை வரும்போது வெட்டுப் பிரேரணை கொண்டுவரலாம். 100 ரூபாய் குறைக்கச் சொல்லும் பிரேரணைக்கு அந்த 100 ரூபாயா நோக்கம்? ஒரு குறிப்பிட்ட குறையைச் சபைக்கு நடுவே வைப்பதுதான் நோக்கம். அவசர விஷயத்துக்கு ஒத்திவைப்புப் பிரேரணை உண்டு.

ஆனால் துப்பாக்கி இருந்து தோட்டா இல்லாவிட்டால் என்ன பிரயோஜனம்? தோட்டா உங்களிடம்தான் இருக்கிறது. 'எங்கள் மில்லில் கஷ்டம்' என்று மொட்டையாகச் சொன்னால் மந்திரி ஒரு வரியில் தட்டிக் கழிப்பார். எந்தத் தேதியில், எந்த இலாகாவில், எத்தனை பேருக்கு, எத்தனை ரூபாய் குறைந்தது, கூலிச் சீட்டு எங்கே? எந்தக் கிராமத்தில், நிர்ணயித்த கூலி என்ன, கொடுத்த கூலி என்ன? இப்படி எழுதிக் கொடுங்கள். அப்போது நம் மெம்பர் எழுந்தால் மந்திரி ஃபைலைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

மெம்பர் பேசிவிட்டு வந்தபின் அந்தப் பதிலை வாங்கி மில் வாசலிலும் சேரியிலும் படித்துக் காட்டுங்கள். மந்திரி கொடுத்த வாக்குறுதியை நிறைவேற்றினாரா என்று தேதி வைத்துக் கேளுங்கள்.

ஷிப்டு முடிந்து வந்த தோழருக்கு நம் பதில் இதுதான்: ஓட்டெடுப்பில் தோற்போம், பல தடவை தோற்போம். ஆனால் 290 பேர் செத்த செய்தியைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாத சபையைவிட, ஊளைக்கு நடுவே நின்று சொல்ல ஓர் ஆள் இருந்த சபை மேலானது. அந்த ஓர் ஆளை அனுப்புவது நம் வேலை. அவரைத் தனி ஆளாக விடாமல் பின்னால் நிற்பதும் நம் வேலை.