பம்ப் மேல் தப்பில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என்ன பேசப்போறீங்க என்று செயலாளர் கேட்டார். பம்ப் பற்றி என்றேன். சிரித்துவிட்டார். அதனால் கூடைப்பந்து பற்றிப் பேசுகிறேன். பம்ப் நடுவில் ஒரு தடவை வரும், மன்னிக்கணும்.

2008 பிப்ரவரியில் ஒரு அரையிறுதியில் நம் கல்லூரி அணி தோற்றது. அணியின் 52 புள்ளிகளில் 31 புள்ளி எங்கள் சீனியர் அண்ணன் ஒருவர் போட்டது. திரும்பும் பஸ்ஸில், "பெரிய மேட்ச்னா இவருக்குக் கை நடுங்கும்ப்பா" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. அது என் குரல்.

அதே வருஷம் ஜூனில் பாஸ்டன் அணி என்.பி.ஏ. கோப்பையை வென்றது. அதில் ஆடிய கெவின் கார்னெட்டின் கதையைத் தேடித்தேடிப் படித்தேன். 1995-ல் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்கு வந்தவர். மினசோட்டாவில் 12 சீசன் ஆடினார். 1997 முதல் 2003 வரை ஏழு வருஷமும் முதல் சுற்றிலேயே அணி வெளியே. ஜெயிக்கத் தெரியாதவர் என்று பேர்.

நடந்தது வேறு. கூடவே வளர்ந்த ஸ்டெஃபான் மார்பரி 1999-ல் வேறு அணிக்குப் போய்விட்டார். ஜோ ஸ்மித் என்ற வீரரோடு நிர்வாகம் செய்த ரகசிய ஒப்பந்தம் 2000-ல் வெளிப்பட்டது. லீக் 35 லட்சம் டாலர் அபராதம் போட்டது. புதிய இளம் வீரர்களை எடுக்கும் முதல் சுற்று வாய்ப்புகளையும் பறித்தது. தப்பு ஆபீசில், பழி மைதானத்தில். 2003-ல் சாம் கசெலும் லட்ரெல் ஸ்ப்ரீவெல்லும் வந்தார்கள். அந்த சீசனில் 58 வெற்றி, மேற்குப் பிரிவு இறுதி வரை போனார்கள், கார்னெட்தான் லீக்கின் மிகச் சிறந்த வீரர். ஆள் அதே ஆள்தானே! அதற்கப்புறம் மூன்று வருஷம் பிளே-ஆஃப் பக்கமே போகவில்லை.

2007 ஜூலையில் பாஸ்டன் ஐந்து வீரர்களைக் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே பால் பியர்ஸ் இருந்தார், ரே ஆலன் புதிதாக வந்திருந்தார். முந்தைய சீசனில் 24 ஆட்டம் ஜெயித்த அணி, இப்போது 66. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கார்னெட்டின் சராசரி 22.4 புள்ளியிலிருந்து 18.8-க்கு இறங்கியது. புள்ளி போட வேறு ஆள் இருந்ததால் தடுப்பாட்டத்தில் முழு மூச்சாக இறங்கினார். அவ்வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்கே.

எங்கள் துறையில் இது தினமும் நடக்கிறது. பம்ப் நல்ல பம்ப், பைப்லைன் சின்னது, தண்ணி வராது. கஸ்டமர் பம்பைத்தான் திட்டுவார்.

நம் அப்பாக்கள் காலத்து ஆஸ்கர் ராபர்ட்சனும் இப்படித்தான். 1961-62 சீசனில் சராசரியாக ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். மூன்றிலும் இரட்டை இலக்கம். 2017 வரை வேறு யாராலும் முடியவில்லை. சின்சினாட்டியில் பத்து வருஷம், ஒரு கோப்பை கிடையாது. 1970-ல் மில்வாக்கி போனார். அங்கே ஏழடிக்கு மேல் உயரமான ஓர் இளைஞர், பிற்பாடு கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். முதல் சீசனிலேயே கோப்பை. அவருடைய சராசரியும் 19.4-க்கு இறங்கியிருந்தது. வயது 32. கார்னெட் கோப்பை தூக்கியபோதும் 32. இரண்டு அணிக்கும் அதே 66 வெற்றி. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

பெரிய பேர்களை வெறுமனே கூட்டினாலும் போதாது. ஷகீல் ஓ'நீல், கோபி பிரையன்ட் இருந்த லேக்கர்ஸ், கார்ல் மலோனையும் கேரி பேட்டனையும் சேர்த்துக்கொண்டு 2004 இறுதியில் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்றது. டெட்ராய்ட்டில் அந்த அளவு பிரபலம் யாருமில்லை.

அந்த அண்ணன் இன்றைக்கு இந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணா, அன்னைக்குக் கடைசி மூணு நிமிஷம் பந்து உங்க கைக்கு வந்ததும் நாங்க நாலு பேரும் நின்ன இடத்துலயே நின்னு வேடிக்கை பார்த்தோம். பாஸ் கொடுக்க உங்களுக்கு ஆளே இல்ல. பஸ்ஸில் இதைச் சொல்லியிருக்கணும்.