உருளும் பந்தும் சுழலும் பாதையும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சங்க மேடையில் கைப்பேசி விளையாட்டைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். என் பேரன் கையிலிருந்து அதைப் பலமுறை பறித்து ஒளித்து வைத்தவன்தான் நானும்.

சென்ற கோடை விடுமுறையில் அவனைக் கும்பளங்கிக்கு அழைத்துச் சென்றேன். காயலோரத்தில் சீனவலை ஒன்றை இயக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் கயிறுகளில் வரிசையாகக் கட்டித் தொங்கும் பெருங்கற்களே வலையின் எடைக்கு ஈடு. நடுமரத்தின்மேல் ஓர் ஆள் நடந்து சென்றாலே வலை நீரில் தாழும். கயிற்றைப் பற்றி இழுத்தால் கற்கள் இறங்க, வலை எழும். பேரன் வெகுநேரம் நோக்கி நின்றான். பிறகு, “கல்லாணு பணி செய்யுன்னது” என்று மலையாளத்தில் மொழிந்து, “என் விளையாட்டும் இப்படித்தான், தாத்தா” என்று தமிழில் முடித்தான்.

அது யாது விளையாட்டு? திரையில் ஒரு புதிர்ப்பாதை; அதனுள்ளே ஒரு பந்து. பந்தைத் தொட்டு நகர்த்த வழியில்லை. பாதையையே சுழற்றவேண்டும். எப்பக்கம் தாழ்கிறதோ அப்பக்கம் பந்து உருளும். உழைப்பெல்லாம் புவியீர்ப்பினுடையது, நம் பங்கு திருப்புவது மட்டுமே. 1989இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ‘கேமல்ட்ரி’ இவ்வகையின் முன்னோடிகளுள் ஒன்று. அதற்குச் சரியாக நூறாண்டு முன்னர், 1889இல், அமெரிக்காவில் சார்லஸ் கிராண்டல் என்பார், கோலிகளைச் சாய்த்துச் சாய்த்து நடுக்கூட்டில் சேர்க்கும் பொம்மை ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தார். வயது வந்தோரே அதில் மயங்கிக் கிடந்தனர். பிள்ளைகளை மட்டும் குறை கூறுவானேன்!

நிற்க. இவ்விளையாட்டின் இடர் எங்கே உள்ளது? சரிவில் உருளும் பந்து முதல் நொடியில் ஒரு பங்கு தொலைவு சென்றால், அடுத்தடுத்த நொடிகளில் 3, 5, 7 பங்கு செல்லும். கலிலியோ 1638இல் வெளியான தம் நூலில் விளக்கிய உண்மை இது. ஆகவே வளைவை அடைந்தபின் திருப்பினால் காலம் கடந்துவிடும். பாதையைச் சமமாக்கினாலும் ஓட்டம் உடனே நில்லாது. முன்னரே எதிர்ப்புறம் சாய்க்கவேண்டும். இது பேரனின் விரலுக்குத் தெரிந்திருந்தது. அப்பண்பின் ஆங்கிலப் பெயரும் அவனுக்குத் தெரிந்திருந்தது.

“தமிழில் என்ன, தாத்தா?” என்றான்.

ஆண்டுதோறும் இம்மேடையேறித் தமிழ் வளர்க்கும் எனக்கு, அன்பர்களே, அச்சொல் வாயில் வரவில்லை! வண்டியில் திரும்பும் வழியெல்லாம் தேடினேன். இரவுதான் நினைவுக்கு வந்தது. நான் கற்ற காலத்தில் ‘சடத்துவம்’ என்றோம். இன்றைய தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘நிலைமம்’ என்கின்றன. இரண்டையும் சொன்னேன். அவனுக்குப் பின்னதே பிடித்தது.

இப்போது மாலைதோறும் அரைமணி நேரம் இருவரும் ஆடுகிறோம். பேச்சு முழுவதும் தமிழில் இருக்கவேண்டும் என்பது ஒன்றே என் நிபந்தனை. “பொறுங்கள்... இப்போது சாயுங்கள்... நிலைமம், தாத்தா, நிலைமம்!” என்று அவன் கூவுகின்றான். ஏழாம் கட்டத்தை நான் இன்னும் தாண்டவில்லை.