விதி மௌனமாக இருக்கும் இடம்

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலில் 1387-88இல் சங்கீத மண்டபம் எடுப்பித்த இருகப்பர், விஜயநகர அரசின் தண்டநாயகர். பல பொருள் தரும் சொற்களைத் தொகுத்து ‘நானார்த்த ரத்னமாலை’ என்ற வடமொழி நிகண்டும் செய்தவர். நிகண்டுக்குப் பல பொருள் அழகு. விதிநூலுக்கு அதுவே குற்றம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மயங்க வைத்தல்’ ஒன்று. கணினி நிரல்மொழிகளின் தரநிலைகளும் விதிநூல்களே. அங்கே மயக்கம் நேர்ந்தால் அதை நடைக்குறை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மயங்கிய இடத்தில் பொருளை முடிவுசெய்யும் அதிகாரமே கைமாறிவிடுகிறது என்பது என் வாதம்.

சி மொழியின் முதல் தரநிலை 1989இல் அமெரிக்காவில் வந்தது. மறு ஆண்டே சர்வதேசத் தரநிலையும் ஆயிற்று. பிழையான சில நிரல் அமைப்புகளுக்குத் தான் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை என்றது அது. அதைத் தொடர்ந்து, அனுமதிக்கத்தக்க நடத்தைகள் என்று சிலவற்றை அடுக்கியது: கண்டுகொள்ளாமல் விடலாம், அந்தச் சூழலுக்குரிய அறிவிக்கப்பட்ட முறையில் நடக்கலாம், பிழைச்செய்தி தந்து நிறுத்தலாம். இந்த அடுக்கு முழுப்பட்டியலா, வெறும் எடுத்துக்காட்டா? முழுப்பட்டியல் என்றால், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு ஒரு வேலி உண்டு. எடுத்துக்காட்டு என்றால் வேலியே இல்லை. 1999 பதிப்பில் ‘அனுமதிக்கத்தக்க’ என்பது ‘நேரக்கூடிய’ என்று மாறியது. வாக்கியமும் குறிப்பு என்ற நிலைக்கு இறங்கியது. குறிப்புக்கு விதியின் வலு கிடையாது.

விளைவு 2009இல் லினக்ஸ் கெர்னலில் தெரிந்தது. ஒரு டிரைவர் நிரல், நினைவக இடத்தைச் சுட்டும் பாயிண்டரைப் பயன்படுத்திய பிறகே அது வெற்றா என்று சோதித்தது. வெற்றுப் பாயிண்டரைப் பயன்படுத்துவது வரையறைக்கு அப்பாற்பட்டது. ஆகவே அது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவுகட்டிய கம்பைலர், சோதனையையே நீக்கிவிட்டது. அத்துமீறி நுழைய வழி திறந்தது. முதல் தவறு நிரலாளருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் காவலையே எடுத்துவிடும் உரிமை எங்கிருந்து வந்தது?

கணினிகள் பலவிதம், எல்லாவற்றுக்கும் பொருந்தவே விதி திறந்து விடப்பட்டது என்பார்கள். 1989க்கு அது நியாயமான விடை. அன்று எதிர்ம எண்களைக் குறிக்க மூன்று முறைகளுக்கு இடம் தர வேண்டியிருந்தது. சி23 பதிப்பு ஒரே முறையை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் குறியுள்ள முழு எண் கூட்டலில் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பது இன்னும் வரையறுக்கப்படவில்லை. ஆக, இன்றைய காரணம் இயந்திர வேற்றுமை அல்ல, வேகம். எல்லை மீறாது என்று கொண்டால் கம்பைலர் லூப்புகளைச் சுருக்க முடிகிறது. ஆதாயம் மெய்யானது. அப்படியானால் அந்தப் பேரத்தை விதியிலேயே எழுதிவிடலாமே.

இயல்பான மொழியில் எழுதினால் மயக்கம் தவிராது என்பது அடுத்த மறுப்பு. ஆனால் இயல்பான மொழியிலேயே அதைத் தவிர்த்தவர்கள் உண்டு. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலச் சபை 919இல் வாரியத் தேர்வுக்கு விதி செய்தது, 921இலேயே திருத்தியது. முப்பது முதல் அறுபது என்றிருந்த வயது, முப்பத்தைந்து முதல் எழுபது ஆயிற்று. கணக்குக் காட்டாதவரின் உறவினர் என்று பொதுவாக விடாமல், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என முறை முறையாக எண்ணியது. கல்வெட்டு நீண்டது; ஆனால் அத்தை மகன் பெயரைக் குடவோலைக்கு எழுதி இடலாமா என்று வியாக்கியானம் செய்ய எவருக்கும் இடமில்லை.