ஆங்கிலப் பாடநூலும் அரிப்புக் கரையும்

நம் இலங்கையில் 1980ஆம் ஆண்டு முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்பட்டு வருவதாலும், அரச பாடசாலைகள் அனைத்துக்கும் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் ஒரே ஆங்கில நூலே வந்து சேர்வதாலும், அதன் குணதோஷங்களை ஆராய்வது தம் கடமையன்று என்று ஆசிரியர் பலர் கருதிவிடுகின்றனர். தெரிவு செய்யும் உரிமை இல்லாதவிடத்திலேதான் பரிசீலனை மிக அவசியம் என்பது என் அபிப்பிராயம். எப்பாடத்தை விரிப்பது, எதனைச் சுருக்குவது, எங்கே நம்முடையதைச் சேர்ப்பது என்பவற்றை மன்னார் வகுப்பறையில் நிற்பவரேயன்றி வேறு யார் தீர்மானிப்பது?

சொற்றொகுதி, இலக்கண ஒழுங்கு, அச்சு, சித்திரம் ஆகியவற்றை மதிப்பிடும் முறைகளை நேரங்கருதி விட்டுவிடுகிறேன். நான் முதலிற் பார்ப்பது கிரகித்தற் பந்திகளின் கீழுள்ள வினாக்களையே. பந்தியின் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தெழுதினால் விடையாகிவிடும் வினாக்களாயின், ஒன்றும் விளங்காத பிள்ளையும் முழுப்புள்ளி பெற்றுவிடும்.

இவ்விடத்தில் ஒரு வகுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். 1660இல் கண்டியரசன் ஆட்களிடம் சிறைப்பட்டு, 1679இல் தப்பி, அருவியாற்றின் வழியே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து, பின் மன்னாருக்குக் கொண்டுவரப்பட்ட றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அப்பயணத்தை விவரித்திருக்கிறார். அதனை எளிய ஆங்கிலத்தில் ஒரு பக்கமாக எழுதிப் பத்தாந்தரத்தில் வாசித்துவிட்டு, வினாக்களைப் பிள்ளைகளே ஆக்கட்டும் என்றேன். அதுவரை ஆங்கிலப் பாடத்தில் வாய் திறவாதிருந்த அரிப்புப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, ஆற்றில் அப்போது நீர் ஓடிற்றா, யானைகள் எதிர்ப்படவில்லையா, எங்கள் ஊரில் அவருக்கு முதலில் உணவு கொடுத்தவர் யார் என்று, தட்டுத்தடுமாறி ஆங்கிலத்திலேயே அடுக்கிக்கொண்டு போனான். மாதக்கணக்கில் அப்பியாசக் கொப்பியில் நிரப்புவித்த இறந்தகால வினைகளை, அன்று தன் தேவைக்காக அவனே தேடியெடுத்தான், நேயர்களே! அன்று முதல், எந்த நூலைக் கையிலெடுத்தாலும், இதில் பிள்ளை கேட்க விரும்பும் வினாவுக்கு இடமுண்டா என்றே பார்க்கிறேன்.

சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை எழுத்திலேயே நடைபெறுவதால் பேச்சுப் பயிற்சிகள் கைவிடப்படுவதைப் பற்றியும் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் போதவில்லை. பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் வங்காலையிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், எந்தப் பாடத்தில் பிள்ளைகள் தாமாகப் பேசினர், எதில் மௌனமாயினர் என்பதைத் தத்தம் பிரதியின் ஓரத்தில் குறித்துவைத்து, தவணை முடிவில் மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்துக்கு எழுதியனுப்புவார்களாயின், அடுத்த பதிப்பை ஆக்குவோருக்கு அது பெரும் பிரயோசனமாகும். அனுப்புவார்கள் என்றே நம்புகிறேன்.