வானியாற்றைக் குடிக்கும் அயல் மரங்கள்



நிலத்தைத் திணையாகப் பகுத்த தொல்காப்பியர், மரத்தைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தார். இன்ன நிலத்துக்கு இன்ன மரம் என்பது பழந்தமிழர் கண்டறிந்த உண்மை. அதை மறந்ததற்கான விலையைக் கொங்கு நாடு இன்று தண்ணீராகச் செலுத்திக்கொண்டிருக்கிறது.

பவானி எனப் பிற்காலத்தார் வழங்கும் வானியாறு நீலமலையின் தென்மேற்குக் கோடியிலிருந்து இறங்குகிறது. மோயாறு வடபுறமாக ஓடிவந்து பவானிசாகரில் அதனோடு கலக்கிறது. 1955இல் கட்டி முடிந்த அவ்வணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் மட்டும் 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது. கோவை மாநகர் பருகும் பில்லூர் நீரும் வானியின் நீரே. இவற்றுக்கெல்லாம் ஊற்றுக்கண் மலையுச்சிப் புல்வெளிகளும் சோலைகளும் ஆகும். புல்லின் அடர்ந்த வேர்கள் மழையைப் பிடித்து நிறுத்த, பள்ளங்களின் சதுப்பு அதைத் தேக்கிக் கோடையிலும் கசியவிடுகிறது. சோலை என்னும் தூய தமிழ்ச்சொல்லை ஆங்கில அறிவியலார் அப்படியே எடுத்தாண்டனர். சொல்லுக்குரிய தமிழனோ சோலையின் அருமையை மறந்தான்!

அப்புல்வெளி வெள்ளையர் கண்ணுக்கு வெற்றுநிலமாகத் தோன்றிற்று. 1843இல் ஆத்திரேலியக் கற்பூர மரத்தை நீலமலையில் நட்டனர். மலைமக்கள் சீகை என்னும் வாட்டில் மரமும், விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்குமாக வந்து சேர்ந்தது. விடுதலைக்குப் பின்னேனும் நிறுத்தினரா? சிறுமுகைச் செயற்கை இழை ஆலைக்கு மரக்கூழ் வேண்டுமென்று மேலும் நட்டனர்!

இது வெறும் அச்சமன்று, அளந்து கண்டது. உதகையின் மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நடுவத்தார் கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டனர். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றதன் பெரும்பகுதியில் 1972இல் கற்பூர மரம் நட்டனர். முதற் பத்தாண்டில் அங்கு ஓடிவரும் நீர் நூற்றுக்கு 16 பங்கு குறைந்தது. மரத்தை வெட்டியபின் அடிமரம் தழைத்தெழுந்த அடுத்த பத்தாண்டில் 25 பங்கு குறைந்தது. கிளென்மார்கனின் நீர் மோயாற்றுக்குரியது என்பதைக் கடைமடை உழவர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குறிஞ்சித் திணைக்குப் பெயர் தந்த செடி, 12 ஆண்டுக்கொருமுறை பூப்பது, இப்புல்வெளிக்குரியது. சீகையின் நிழலில் அது மடிகிறது. தொதவர் தம் கோயிலுக்கு வேயும் சதுப்புப் புல்லும் அருகிவருகிறது.

அயலிலிருந்து வந்ததெல்லாம் தீது என்பதன்று. கம்போடியப் பருத்தி வந்துதான் கோவையின் நூற்பாலைகள் தழைத்தன. மிளகாய் இல்லாத கொங்குக் குழம்பு ஏது? ஆனால் அவை உழவன் விதைத்தால் முளைப்பன, விதையாவிடில் நிற்பன. சீகை அத்தகையதன்று. அதன் விதை பல்லாண்டு மண்ணுக்குள் கிடந்து, மரத்தை வெட்டினாலோ தீ பரவினாலோ ஒரேயடியாக முளைத்தெழும்.

ஆகவே கோடரி மட்டும் போதாது. அயற் செடிகொடிகளை அகற்றுவதற்கெனத் தமிழ்நாட்டரசு 2022இல் கொள்கை வகுத்தது, நன்று. ஆயினும் வெட்டிய இடத்தில் ஆண்டுதோறும் முளையைக் களையவேண்டும். மலைப்புல்லை நாற்றாக வளர்த்து நடவேண்டும். அப்புல்லை அறிந்த தொதவரைக் கூலியாளாக அன்றி, வழிகாட்டியாக அழைக்கவேண்டும். வெட்டுக்கூலியோடு இத்தனைக்கும் பணம் ஒதுக்கப்படுகிறதா என்று ஈரோட்டிலும் கோபியிலும் உள்ள பாசன உழவர்கள் அரசைக் கேட்கட்டும்.