நாமே எழுதி, நாமே போடும் புத்தகம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் வாசிப்புக் குழுவின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு புத்தகத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர நேரமாச்சு, இப்போ போய் புத்தகமா?" என்று சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. கொஞ்சம் பொறுங்க. இதுவும் வரவு செலவு பற்றிய பேச்சுதான்.

இன்றைக்கு நம் நாட்டில் பலர் பதிப்பகத்தின் வாசலில் காத்து நிற்காமல், தாங்களே எழுதித் தாங்களே புத்தகம் போடுகிறார்கள். சமையல், புராணக் கதை, மர்மக் கதை, குடும்பக் கதை, வாழ்க்கை அனுபவம், பிள்ளைகளுக்கான கதை என்று எல்லா வகையிலும் இப்படிப் புதுப் புத்தகங்கள் வருகின்றன. அவங்க யாரு, எப்படிச் செஞ்சாங்க, அதில் நமக்கு என்ன பாடம் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

கூலி வேலையும் சொந்தத் தொழிலும்

நாம் ஊறுகாய் போடுகிறோம். ஒரு கம்பெனிக்குப் போட்டுக் கொடுத்தால் கூலி வரும். மாங்காய் அழுகினாலும் சரக்குத் தேங்கினாலும் நஷ்டம் அவர்களுக்கு. நம் குழுப் பெயரிலேயே போட்டு விற்றால் லாபம் நமக்கு, நஷ்டமும் நமக்கு. புத்தகமும் அப்படித்தான்.

பதிப்பகம் புத்தகம் போட்டால் அச்சுச் செலவு அவர்களுடையது. எழுதியவருக்கு விலையில் ஒரு பங்கு கொடுப்பார்கள். அதற்கு ராயல்டி என்று பெயர். நூற்றுக்குப் பத்து என்பது பல இடங்களில் வழக்கம். எழுதியவரே போட்டால் தட்டச்சு, பிழை திருத்தம், அட்டைப்படம், அச்சு, விற்பனை எல்லாம் அவர் தலையில். வருகிற பணமும் அவருக்கே.

முன்னே போனவர்கள்

இது ஏதோ நேற்று வந்த பழக்கம் இல்லை. நம் தமிழ்ப் பெண்கள் எப்போதோ செய்து காட்டியிருக்கிறார்கள்.

வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. அவர் மனதில் கட்டிய நாடகத்தை வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அதுதான் 'இந்திரமோகனா'. 1924ல் புத்தகமாக வந்தது. அடுத்த ஆண்டே 'ஜகன்மோகினி' என்ற பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கினார். அதில் தன் நாவல்களைத் தொடராகப் போட்டார். மொத்தம் 115 நாவல்கள்!

அடுத்தது எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதில் கணவரை இழந்தவர். நன்றாகச் சமைப்பார். பக்குவம் கேட்டு உறவுக்காரர்கள் கடிதம் போடுவார்கள், இவர் பதில் எழுதுவார். "இதையே புத்தகமாகப் போடேன்" என்று உறவினர் ஒருவர் ஊக்கம் கொடுக்க, 1951ல் 'சமைத்துப் பார்' வெளிவந்தது. ஆழாக்கு, படி, பலம் என்று அளவோடு எழுதினார். தானே வெளியிட்டார். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் புத்தகம் விற்கிறது. அடுப்படியில் கற்றதற்கும் விலை உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

வடக்கே டெல்லியில் லட்சுமண் ராவ் என்று ஒருவர். மகாராஷ்டிராவின் அமராவதி பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவர். நடைபாதையில் டீ விற்றார். இந்தியில் நாவல் எழுதினார். பதிப்பாளர் திருப்பி அனுப்பவே, தன் சம்பாத்தியத்தில் தானே அச்சடித்தார். முதல் புத்தகம் 1979ல். டீக்கடை பக்கத்திலேயே புத்தகத்தை அடுக்கி வைத்தார். சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் விற்றார். இருபதுக்கு மேல் புத்தகம் போட்டுவிட்டார்.

படித்து வேலையில் இருப்பவர்களுக்கும் கதவு சுலபமாகத் திறப்பதில்லை. அமிஷ் திரிபாதி சிவபெருமானை நாயகனாக வைத்து ஆங்கிலத்தில் ஒரு நாவல் எழுதினார். இருபது பதிப்பகங்களுக்கு மேல் வேண்டாம் என்றன. 2010ல் தன் முகவரோடு சேர்ந்து சொந்த முயற்சியில் வெளியிட்டார். முதல் அத்தியாயத்தை மட்டும் தனியாக அச்சடித்து, புத்தகக் கடைகளில் இலவசமாகக் கொடுக்க வைத்தார். நாம் கடையில் ஊறுகாயை நாக்கில் தொட்டுப் பார்க்கக் கொடுக்கிறோமே, அதே யோசனை! புத்தகம் பரபரப்பாக விற்றது. பிறகு பெரிய பதிப்பகமே தேடி வந்தது. 'மெலூஹாவின் அமரர்கள்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. சூரத்தைச் சேர்ந்த சவி சர்மா என்ற இளம்பெண்ணும் 2015ல் தன் முதல் நாவலைத் தானே வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் அதை எடுத்துக்கொண்டது.

இப்போது வழி சுலபம்

முன்பெல்லாம் ஐந்நூறு, ஆயிரம் என்று அச்சடித்தால்தான் கட்டுபடியாகும். மிச்சம் பரணில் கிடந்து செல்லரிக்கும். இப்போது ஆர்டர் வர வர, ஒன்று இரண்டு என்றுகூட அச்சடித்து அனுப்பும் முறை வந்துவிட்டது. சென்னையில் நோஷன் பிரஸ், பெங்களூருவில் போத்தி போன்ற நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. 2016 கடைசியில் இருந்து அமேசான் கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்களும் வருகின்றன. அச்சே இல்லாமல் செல்போனில் படிக்கலாம். 2014ல் தொடங்கிய பிரதிலிபியில் தமிழ் உள்படப் பல இந்திய மொழிகளில் யாரும் கதை எழுதிப் போடலாம். தொடர்கதை எழுதும் பெண்கள் அதில் ஏராளம்.

அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் கதை வேண்டுமா? பிரதம் புக்ஸ் என்ற அமைப்பு 2015ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிண்ட் எடுத்தும் படித்துக் காட்டலாம்.

நோட்டை எடுங்க, கணக்குப் போடலாம்

சந்தோஷமான கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது நல்ல பேச்சு ஆகாது. ஜெயித்தவர் பெயர்தான் நமக்குத் தெரிகிறது. கட்டுக் கட்டாகப் புத்தகம் வீட்டில் தேங்கியவர் பெயர் தெரிவதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 300 புத்தகம் அச்சடிக்கிறோம். ஒன்றுக்கு 60 ரூபாய் என்று வைத்தால் செலவு 18,000 ரூபாய். விலை 120. நாமே கையில் விற்றால் 150 புத்தகத்தில் முதல் திரும்பிவிடும். முந்நூறும் விற்றால் லாபம் 18,000. ஆனால் கடையில் கொடுத்தால் கழிவு கேட்பார்கள். நூற்றுக்கு 35 என்று வைத்துக்கொண்டால் நமக்கு வருவது 78 ரூபாய். அப்போது முதல் எடுக்கவே 231 புத்தகம் விற்க வேண்டும். இதையே பதிப்பகம் போட்டு, நூற்றுக்குப் பத்து கொடுத்தால் 300 புத்தகத்துக்கு 3,600 ரூபாய்தான் வரும். ஆனால் நம் கையிலிருந்து ஒரு பைசா போகாது.

எது நல்லது? விற்க ஆள் இருந்தால் சொந்தமாகப் போடலாம். இல்லையென்றால் ஆர்டருக்கு அச்சடிக்கும் முறை பாதுகாப்பு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: குழுவில் கடன் வாங்கியோ நகையை வைத்தோ புத்தகம் போட வேண்டாம். புத்தகம் விற்கிற வரைக்கும் தவணை காத்திருக்காது.

ஏமாறாமல் இருக்க நாலு விஷயம்

ஒன்று: எழுத்தின் உரிமை முதலில் எழுதியவருக்குத்தான். 1957ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அவர் வாழ்நாள் முழுக்கவும், காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். பதிவு செய்தால் சாட்சியாக உதவும். ஆனால் பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை.

இரண்டு: உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்து, நாம் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்க. எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "எல்லா உரிமையும், எக்காலத்துக்கும்" என்று எழுதியிருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்க.

மூன்று: புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகக் கொடுக்கிறது. "நம்பர் வாங்கித் தர்றேன், ஐயாயிரம் கொடுங்க" என்பவரிடம் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

நான்கு: "உங்க கதை பிரமாதம், பணம் கட்டுங்க, விருது வாங்கித் தர்றோம்" என்று போனில் யாராவது சொன்னால், சீட்டுக் கம்பெனி ஞாபகம் வரட்டும். எத்தனை பிரதி, எந்தத் தாள், எந்தத் தேதி என்று எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீங்க.

இன்னொரு விஷயமும் மனதில் இருக்கட்டும். நம் ஊருக்கு வந்து கைவைத்தியம், சமையல் பக்குவம், பாட்டு என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சொல்லிக் கொடுப்பது தப்பில்லை. ஆனால் நாமே கட்டின பாட்டு, நம் சொந்தக் கதை என்றால் சொன்னவர் பெயரைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் இல்லாமல் உழைத்தது போதும், சகோதரிகளே!

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் கடைசிப் பதினைந்து நிமிடம் ஒருவர் வாசிக்க, மற்றவர் கேட்கலாம். ஊர்ப்புற நூலகத்தில் உறுப்பினர் ஆகலாம். புத்தகத் திருவிழாவுக்குப் போனால் பெரிய கடைகளோடு நிறுத்தாமல், தன் புத்தகத்தைத் தானே வைத்து விற்பவரிடமும் ஒன்றிரண்டு பக்கம் புரட்டிப் பாருங்க. பிடித்திருந்தால் வாங்குங்க. பரிதாபப்பட்டு வாங்க வேண்டாம். நம் ஊறுகாயையும் ருசி பார்த்துத்தானே வாங்கச் சொல்கிறோம்.

எழுத ஆசை உள்ளவர்கள் தீர்மான நோட்டுப் போல ஒரு நோட்டுப் போடுங்க. முதல் கடன் வாங்கின கதை, முதல் முறை வங்கிக்குள் போன கதை, சாராயக் கடையை எதிர்த்த கதை, எதுவானாலும் சரி. எழுதத் தெரியாதவர் சொல்லட்டும், தெரிந்தவர் எழுதட்டும். கோதைநாயகி அம்மாளும் பட்டம்மாளும் செய்தது அதுதான். எழுதி முடித்ததும் எடுத்துக்கொண்டு வாசிப்புக் குழுவுக்கு வாங்க. சேர்ந்து படித்துப் பார்ப்போம், பிழை திருத்துவோம். அச்சடிப்பதா வேண்டாமா என்று நோட்டை விரித்து வைத்துக் கணக்கும் போடுவோம்.