எலெக்ட்ரானிக்ஸ் கற்க ஏற்ற நூல்கள்



எலெக்ட்ரானிக்ஸ் கற்க விரும்பும் நம் இளைஞர், பணமில்லையென்று இன்று பின்வாங்க வேண்டுவதில்லை. நல்ல நூல்கள் விலையின்றியே கிடைக்கின்றன. எதை முதலில் கற்பது என்பதே இடர். சித்தூரிலும் மூணாற்றிலும் தமிழ்வழி பயிலும் பிள்ளைகளுக்கோ, ஆங்கிலம் மற்றோர் இடர். ஆர்வமிருந்தும் பலர் இவ்விடத்தில்தான் நின்றுவிடுகின்றனர்.

தொடக்கத்திற்கு, டோனி குப்ஹால்ட் எழுதிய 'லெஸன்ஸ் இன் எலெக்ட்ரிக் சர்க்யூட்ஸ்' ஏற்றது. ஆறு பாகங்கள் கொண்ட அந்நூலை அச்சிட்டுப் பிறர்க்கு வழங்கவும் ஆசிரியர் உரிமை தந்துள்ளார். முதற்பாகம் நேர்மின்னோட்டம் பற்றியது. அதை முடிக்காமல் டிரான்சிஸ்டருக்குத் தாவுதல், அஸ்திவாரமின்றி மாடி எழுப்புவதை ஒக்கும்.

அடுத்து, ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். விரிவுரைகளை இலவசமாகக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம். சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு. ஹொரோவிட்ஸும் ஹில்லும் எழுதி, 1980-இல் வெளிவந்த 'தி ஆர்ட் ஆஃப் எலெக்ட்ரானிக்ஸ்' மிகச் சிறந்த நூல். ஆயினும் விலை மிகுதி. அடிப்படை தேர்ந்தபின் நூலகத்தில் நாடுக.

படித்ததைச் செய்தும் பார்க்க வேண்டும். 9 வோல்ட் பாட்டரியில் சிவப்பு எல்.இ.டி. விளக்கு ஏறக்குறைய 2 வோல்ட் கொள்ளும். எஞ்சிய 7 வோல்ட்டுக்கு 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் இணைத்தால், சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும். தாளில் கணக்கிட்டு, மல்டிமீட்டரால் அளந்து ஒப்பிட்டவனுக்கு ஓம் விதி மறவாது. வீட்டு மின்சாரத்தில் மட்டும் சோதனை வேண்டா!

நம் சங்கம் அம்முதற்பாகத்தின் சில படிகளை அச்சிட்டு, மல்டிமீட்டர் ஒன்றுடன் வாசகசாலையில் வைக்கட்டும். ஆங்கிலமறிந்த பெரியோர், வாரம் ஒரு மாலை உடனிருந்து தமிழில் விளக்கட்டும். செலவு சிறிது, பயனோ பெரிது.